முட்டைக்கு பிளாக் பெல்ட்

ஒரு முட்டைக்கு நான் மாஸ்டராக இருந்தேன் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும், என்னிடம் அடையாள அட்டை இருக்கிறது. அதில் என் படமும் தற்காப்புக் கலைப் பேரவையின் முத்திரையும் இருக்கின்றன. கீழே 'பயிற்சியாளர் (முட்டை)' என்று பளிச்சென்று அச்சடித்திருக்கிறார்கள். லிஃப்ட் மெக்கானிக்காக இருபது வருஷம் கிரீஸில் புரண்டவன் நான். இப்படி ஒரு மரியாதையான அட்டையை எந்தக் கம்பெனியும் எனக்குக் கொடுத்ததில்லை.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். என் மனைவிக்கு ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கிற சலவைக்கூடத்தில் வேலை. நாளெல்லாம் ஈரப் போர்வையைத் தூக்கித் தூக்கி மெஷினில் போட வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்குக் கராத்தே. "முதுகுவலிக்கு நல்லதாம்" என்று பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தாள். முதுகுவலி போன இடம் தெரியவில்லை. இவள் மட்டும் நிற்காமல் மஞ்சள், பச்சை, நீலம் என்று ஏறிக்கொண்டே போய் பிரவுன் பெல்ட்டில் வந்து நின்றாள். பாக்கி ஒன்றே ஒன்றுதான், பிளாக் பெல்ட்.

அதற்கான தேர்வு வருஷத்துக்கு ஒரு தடவை. இந்த வருஷம் பன்னிரண்டாம் தேதி, சனிக்கிழமை. நாற்பது வயது முடிந்தவர்களுக்கு அந்தத் தேர்வில் இடமில்லை என்பது பேரவையின் விதி. என் மனைவிக்கு நாற்பது முடிவது அதே மாதம் பத்தொன்பதாம் தேதி. இந்தச் சனிக்கிழமையை விட்டால் ஆயுசு முழுக்க அவள் பிரவுன்தான்.

வீட்டில் சமையல் என் பொறுப்பு. காலையில் அவித்த முட்டை இரண்டு, வாழைப்பழம் ஒன்று. மத்தியானம் வேகவைத்த பயறும் காயும். பயிற்சிக்கு முன்னால் ஒரு கைப்பிடி வேர்க்கடலை. அடுப்படியில் கால் மணி நேரம் நின்றால் வேலை முடிந்துவிடும், செலவும் பஸ் டிக்கெட்டைவிடக் குறைவு. இதைச் சாப்பிட்டுத்தான் அவள் ஒரு நாள், சண்டை சச்சரவு எதுவும் இல்லாமல், சும்மா செய்துகாட்டுவதற்காக என்னை சோபாவுக்கு அந்தப் பக்கம் தூக்கிப் போட்டாள். சாப்பாட்டில் சத்து இருக்கிறது என்பதற்கு அதைவிட என்ன சான்று வேண்டும்?

பேரவைக்கு வேறு சான்று வேண்டியிருந்தது. அவளுடைய விண்ணப்பம் திரும்பி வந்தது. பதினாலாவது கட்டத்தைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார்கள். 'உணவின் தரநிலை: பூர்த்தி செய்யப்படவில்லை.'

இருவரும் லீவு போட்டுவிட்டுப் பேரவை அலுவலகத்துக்குப் போனோம். நாலாவது மாடி. லிஃப்ட் ஓடவில்லை. கதவு சென்சாரில் தூசி, ஐந்து நிமிஷ வேலைதான். 'இக்கோளாறு குறித்து ஆராய உபகுழு அமைக்கப்பட்டுள்ளது' என்று பலகை மாட்டியிருந்ததால் நான் கை வைக்கவில்லை.

உணவுத் தரநிலைப் பிரிவின் செயலாளர் எங்களை உட்காரச் சொன்னார். ஒல்லியான மனிதர், கழுத்து வரை பட்டன் போட்டிருந்தார். பக்கத்து மேசையில் முத்திரை குத்துகிற பெண் உட்கார்ந்திருந்தாள். அங்கே எல்லோரும் அவளை 'சீல் அக்கா' என்றே கூப்பிட்டார்கள்.

"பதினாலாவது கட்டத்துல என்ன எழுதணும் சார்?" என்று என் மனைவி கேட்டாள்.

"நீங்க சாப்பிடுற உணவு என்ன பெல்ட்டு?"

"முட்டைங்க."

"அது பேரு. நான் கேட்டது பெல்ட்டு."

என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். செயலாளர் பொறுமையாக விளக்கினார்.

"போன வருஷம் வரைக்கும் யார் வேணா எதை வேணா தின்னுட்டு இருந்தாங்க. பிளாக் பெல்ட் மாஸ்டர் ஒருத்தர் ரோட்டோரமா நின்னு வெள்ளரிக்காய் கடிச்சதை என் ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன். ஒரு மட்டு மரியாதை வேணாமா? வெள்ளரிக்காய் யாரு, அவரு யாரு? அதனால இப்போ உணவுக்கும் பெல்ட்டு உண்டு. ஆளோட பெல்ட்டுக்குக் குறைஞ்ச உணவை ஆளு தொடக் கூடாது. விதி ஒன்பது."

பெரிய பதிவேடு ஒன்றைத் திறந்து காட்டினார். அதுவரை பெல்ட் வாங்கிய உணவுகள் மொத்தம் ஐந்து. தங்க நிற டப்பாவில் வருகிற ஒரு பவுடர், பிளாக் பெல்ட். அந்த டப்பாவின் விலை என் சம்பளத்தில் பாதி. ஏதோ மலையுச்சியில் விளைகிற ஒரு விதை, அதுவும் பிளாக் பெல்ட். குளிர்க்கடல் மீன் ஒன்றின் முதுகுப் பகுதி பிரவுன் பெல்ட். அதே மீனின் வயிற்றுப் பகுதி தேர்வில் தோற்றிருந்தது. மற்ற இரண்டின் பெயரை என்னால் வாசிக்கவே முடியவில்லை.

"முட்டை இல்லையே சார்?" என்றேன்.

"முட்டைக்காக யாரும் விண்ணப்பிக்கல."

"உலகமே சாப்பிடுதே சார்!"

"சாப்பிடுறாங்க. இல்லைன்னு சொன்னேனா? விண்ணப்பிச்சாங்களா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பதிவேட்டைத் தூக்கி ஜன்னல் வழியாக எறிந்திருப்பேன். என் மனைவி மேசைக்கு அடியில் என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் பிடித்தால் அசைய முடியாது. சரி, இப்போதே விண்ணப்பிக்கிறேன் என்றேன்.

"தாராளமா. வெள்ளை பெல்ட்டுல ஆரம்பிக்கட்டும். ஒழுங்கா வந்து போனா நாலு வருஷத்துல பிரவுன் வாங்கிடும்."

"நாலு வருஷமா? கெட்டுப் போயிடுமே சார்!"

"கெட்டுப் போறதைப் பத்தி நம்ம விதியில எதுவும் இல்லை. வருகைப் பதிவு எண்பது சதவீதம் இருக்கணும், அவ்வளவுதான்."

சீல் அக்காவுக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. "சார், விரைவுத் தேர்வு ஒண்ணு இருக்கே. அபாரத் திறமை உள்ளவங்களுக்கு ஒரே நாள்ல எல்லா பெல்ட்டும் வைப்போமே" என்றாள்.

செயலாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "உங்க முட்டைக்கு அபாரத் திறமை இருக்கா?"

"பயங்கரமா இருக்கு சார்" என்றேன். வாயில் எப்படி வந்ததென்றே தெரியவில்லை.

பதினொன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு முட்டைக்குத் தேர்வு. மறுநாள் என் மனைவிக்கு. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

புகைப்படம் மூன்று கேட்டிருந்தார்கள். ஸ்டுடியோக்காரர் ஒன்றும் கேட்காமல் முட்டையை ஸ்டூலில் வைத்து விளக்கைப் போட்டார். கடைசியில் மட்டும், "காது தெரியணும்னு சொல்வாங்களே, பரவாயில்லையா?" என்றார். வயதுச் சான்றுக்கு முட்டைக்கடைக்கார அம்மாவிடம் போனேன். "நேத்து காலையில, கொஞ்சம் இருட்டா இருக்கும்போதே" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். மகராசி, நல்ல மனசு. பயிற்சியாளர் அட்டைக்கு என்னிடம் மட்டும் ஒன்பது கையெழுத்து வாங்கினார்கள்.

வீட்டில் ஹாலின் ஒரு பக்கம் என் மனைவி கட்டா என்கிற அடிமுறை வரிசையைப் பழகினாள். மறுபக்கம் மேசையில் அவித்த முட்டைகள் ஆறை வரிசையாக நிற்கவைத்து நான் ஆள் தேர்வு நடத்தினேன்.

"என்னங்க, மூளை கீளை கலங்கிப் போச்சா?" என்று அவள் ஒரு உதைக்கு நடுவில் கேட்டாள்.

"உனக்காகத்தானே பண்றேன்!"

அவள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு மேசைப் பக்கம் வந்து குனிந்து பார்த்தாள். "அந்த மூணாவது ஆளை அனுப்புங்க. ரெண்டாவது ஆளுக்கு இடுப்பு ஆடுது" என்றாள்.

வெள்ளிக்கிழமை தேர்வு மண்டபத்தில் பேரவைத் தலைவர், செயலாளர், குரலுக்குப் பேர்போன இடி மாஸ்டர் ஆகிய மூவரும் தேர்வாளர்களாக உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் அகலமான மனிதர். எழுந்து நிற்கும்போதே கை தட்டிவிட வேண்டும் என்று சீல் அக்கா முன்கூட்டியே சொல்லியிருந்தாள். நானும் என் மனைவியும் தட்டினோம்.

"இந்தப் பேரவை ஆரம்பிச்சப்போ நம்மகிட்ட நாலே நாலு விதிதான் இருந்துச்சு. அறுநூறு மாணவர்கள் இருந்தாங்க. இன்னிக்கு நம்மகிட்ட அறுநூறு விதி இருக்கு!" என்றார் தலைவர். செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மாணவர்கள் எத்தனை பேருன்னு சில பேர் குதர்க்கமா கேக்குறாங்க. அவங்களுக்கு வளர்ச்சி பிடிக்கலை. எளிமையான, விலை குறைஞ்ச, சத்தான உணவு ஒவ்வொரு வீரருக்கும் போய்ச் சேரணும். அதுதான் என் கனவு. அப்படிப்பட்ட உணவு எங்க அனுமதி இல்லாம போய்ச் சேர்ந்துடக் கூடாதே, அதுதான் என் கவலை. முட்டைமேல எனக்குத் தனிப்பட்ட விரோதம் எதுவும் இல்லை. நல்ல குடும்பத்துலேர்ந்து வந்திருக்குன்னு கேள்விப்பட்டேன்."

தேர்வு ஆரம்பமாயிற்று. முதலில் வணக்கம். முட்டையைத் தட்டில் வைத்தேன். அந்த மண்டபத்தின் தரை ஒரு பக்கம் சரிவு, நல்ல வேளை. முட்டை மெல்ல உருண்டு தலைவர் பக்கமாகப் போய்த் தட்டின் விளிம்பில் நின்றது.

"பணிவு இருக்கு" என்றார் தலைவர். வெள்ளை பெல்ட்.

அடுத்து, ஐந்து நிமிஷம் ஆடாமல் நிற்க வேண்டும். தட்டில் கொஞ்சம் உப்பைக் குவித்து அதன்மேல் நிறுத்தினேன். காலுக்கு அடியில் ஏதாவது வைக்கலாமா என்று செயலாளர் ஆட்சேபித்தார். "மனுஷங்களுக்கு மட்டும் மேட் விரிக்கிறோமே?" என்று இடி மாஸ்டர் நியாயத்தைப் பேசினார். முட்டை நின்றது. மஞ்சள் பெல்ட்.

கவனம் சிதறாமல் இருக்கிறதா என்று பார்க்க, இடி மாஸ்டர் அதன் பக்கத்தில் போய் அடித்தொண்டையிலிருந்து ஒரு கத்து கத்தினார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. செயலாளரே நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். முட்டை நின்ற இடத்தில் நின்றது. "கண்ணு இமைக்கலையே!" என்று மாஸ்டர் அசந்துபோனார். பச்சை பெல்ட்.

பிறகு விழும் முறை. முழங்கால் உயரத்திலிருந்து விழ வேண்டும். பெற்ற பிள்ளையை விடுவதுபோல் கையை விட்டேன். டொக்கென்று விழுந்து ஓட்டில் ஒரு கீறல் விழுந்தது. என் மனைவி "ஐயோ!" என்றாள்.

"சத்தம் வந்துச்சே?" என்றார் செயலாளர்.

"அது விழுந்த சத்தம். அழுத சத்தம் இல்லை" என்றார் இடி மாஸ்டர். நீல பெல்ட்.

கடைசியாக, பிரவுன் பெல்ட்டுக்கு எழுத்துத் தேர்வு. விதிகளைப் பற்றி அறுபது கேள்வி, இரண்டு மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பார்கள். வினாத்தாளை முட்டையின் முன்னால் வைத்தார்கள். பக்கத்தில் பேனா. சீல் அக்கா மேற்பார்வை. யாரும் தும்மக்கூட இல்லை. இரண்டு மணி நேரம் கழித்து வெற்றுத்தாளை எடுத்துத் திருத்தினார்கள். மதிப்பெண் பூஜ்ஜியம்.

செயலாளர் பழைய பட்டியலைப் புரட்டினார். "இதுவரைக்கும் பரீட்சை எழுதின பதினேழு பேரும் பூஜ்ஜியத்துக்குக் கீழே தலைவரே. மைனஸ் பன்னண்டு, மைனஸ் முப்பது... முட்டைதான் முதல் இடம்."

"ஒரு தப்புகூட பண்ணலையா?" தலைவர் எழுந்தே விட்டார். "இப்படி ஒரு ஒழுக்கத்தை இந்த மண்டபத்துல நான் பார்த்ததில்லை. பிரவுனோட நிறுத்துறது நியாயமா? பிளாக் பெல்ட்டே குடுத்துடுங்க!"

கறுப்பு ரிப்பன் ஒன்றை வெட்டி முட்டையின் இடுப்பில் கட்டினார்கள். தலைவர் அதோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். சும்மா சொல்லக் கூடாது, எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் சொல்லிக்கொடுத்து ஒருத்தர் முன்னுக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

சந்தோஷமாக சீல் அக்காவின் மேசைக்குப் போனோம். அவள் பதினாலாவது கட்டத்தில் 'முட்டை, பிளாக் பெல்ட்' என்று எழுதி, முத்திரையை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

"சார், இவங்க பிரவுன் ஆச்சே."

செயலாளர் ஓடி வந்து பார்த்தார். முகம் மாறிவிட்டது. "அடடா. விதி பதினொண்ணு. கீழ்நிலை பெல்ட்காரங்க மேல்நிலை பெல்ட்காரங்கமேல கையோ காலோ பல்லோ வைக்கக் கூடாது. சீனியரை எப்படிம்மா சாப்பிடுவீங்க?"

"காலையில வரைக்கும் சாப்பிட்டேனே சார்!" என்றாள் என் மனைவி.

"காலையில அவரு யாரோ. இப்போ அவரு யாரு தெரியுமா?"

"சரி, பெல்ட்டைக் குறைச்சிடுங்க" என்று நான் கெஞ்சினேன்.

"நடத்தை சரியில்லைன்னாதான் குறைக்க முடியும். அவரு மேல ஏதாவது புகார் இருக்கா?"

என்ன புகார் சொல்ல? முட்டையின் நடத்தை அப்பழுக்கில்லாதது. பிரவுன் பெல்ட் மீன்முதுகைத் தேடிப் பிடிக்க அன்றைக்கு நேரமும் இல்லை, என் பர்ஸில் அவ்வளவு தெம்பும் இல்லை. மறுநாள் தேர்வு. அதற்கு அடுத்த சனிக்கிழமை அவளுக்கு நாற்பது. என் மனைவி நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். பன்னிரண்டு வருஷத்தில் அடிபட்டு விரல் முறிந்தபோதுகூட அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

விஷயம் தலைவர் காதுக்குப் போயிற்று. அவர் பெருந்தன்மையோடு சிரித்தார். "இதுக்கா அழுறீங்க? விதி ஒன்பது என்ன சொல்லுது? குறைஞ்ச உணவைத் தொடக் கூடாது. விதி பதினொண்ணு? உயர்ந்த உணவைத் தொடக் கூடாது. எதையுமே தொடாதவங்க எந்த விதியையும் மீறலையே! நாளைக்குத் தேர்வு முடியுற வரைக்கும் ஒண்ணும் சாப்பிடாதீங்கம்மா. வீரர்களோட ஊட்டச்சத்துக்காகத்தானே நாங்க இவ்வளவு பாடுபடுறோம்."

பதினாலாவது கட்டத்தில் 'எதுவும் இல்லை' என்று எழுதி, உறுதிமொழியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, சீல் அக்கா ஓங்கிக் குத்தினாள்.

வீட்டுக்கு வந்ததும் வேர்க்கடலையை அவள் முன்னால் வைத்தேன். "தின்னு. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே. கையெழுத்துப் போட்டிருக்கேன். கராத்தே விஷயத்துல இதுவரைக்கும் பொய் சொன்னதில்லைங்க" என்று தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. முட்டையோ ஃபிரிட்ஜின் மேல்தட்டில் ரிப்பனோடு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

சனிக்கிழமை காலை அதை டிபன் பாக்ஸில் வைத்துக்கொண்டேன். அவள் தேறிய அடுத்த நிமிஷமே வாயில் ஊட்டிவிட வேண்டும் என்பது என் திட்டம்.

மண்டபத்தில் மூன்றாவது நாற்காலி காலி. மலையுச்சி விதையை வேளைக்கு மூன்று கரண்டி சாப்பிட்ட இடி மாஸ்டர் குளியலறையை விட்டு வெளியே வர முடியாமல் இருந்தார். மூன்று பிளாக் பெல்ட் இல்லாமல் தேர்வு நடத்தக் கூடாது, ஒத்திவைக்கலாம் என்று செயலாளர் பதிவேட்டை மூடப் போனார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"சார், நேத்து ஒருத்தர் பிளாக் பெல்ட் வாங்கினாரே?" என்றாள் சீல் அக்கா, என் டிபன் பாக்ஸைப் பார்த்துக்கொண்டே. "எழுத்துத் தேர்வுல முதல் இடம் வேற."

ஐந்து நிமிஷத்தில் முட்டை மூன்றாவது நாற்காலியில், இரண்டு தலையணைக்கு மேல், நெஞ்சில் 'தேர்வாளர்' பட்டையோடு உட்கார்ந்திருந்தது. அதன் முன்னால் ஒரு டம்ளர் தண்ணீரும் வைத்தார்கள்.

என் மனைவி இறங்கினாள். முந்தின நாள் காலையில் சாப்பிட்ட இரண்டு முட்டையின் பலத்தில் நாலு கட்டாவும் செய்தாள். ஒரு தப்பு இல்லை. பிறகு வரிசையாக மூன்று பேரோடு சண்டை. முதல் ஆளை விரட்டினாள். இரண்டாவது ஆளைத் தள்ளினாள். மூன்றாவது ஆள் வரும்போது முழங்கால் நடுங்கியது எனக்கே தெரிந்தது. கண்ணை இருட்டிக்கொண்டு வந்ததாம். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஒரு அடி வாங்கினாள், இரண்டு கொடுத்தாள். மணி அடித்தபோதும் நின்றுகொண்டுதான் இருந்தாள்.

"பாஸ்" என்றார் செயலாளர். "விதிப்படி அடிச்சாங்க, விதிப்படி நின்னாங்க."

தலைவர் உதட்டைப் பிதுக்கினார். "ஆட்டம் நல்லாத்தான் இருக்கு. ஆனா கடைசியில தெம்பு போயிடுச்சே. சரியா சாப்பிடுறதில்லைபோல. ஊட்டச்சத்துல அக்கறை இல்லாதவங்களுக்கு நான் எப்படிம்மா பிளாக் பெல்ட் குடுக்குறது? ஃபெயில்."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. நல்ல வேளை, நான் பேச வேண்டியிருக்கவில்லை. எல்லோரும் மூன்றாவது நாற்காலியைப் பார்த்தார்கள். செயலாளர் எழுந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, முட்டையைப் பார்த்துக் கேட்டார்.

"இவங்க தேறினதா அறிவிக்கிறதுல தேர்வாளருக்கு ஆட்சேபணை உண்டா?"

முட்டை ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது தடவை கேட்டார். முட்டை யோசிப்பதுபோல் இருந்தது. மூன்றாவது தடவையும் கேட்டுவிட்டு, விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "மூணு தடவை கேட்டும் ஆட்சேபணை இல்லைன்னா ஒப்புதல். விதி முந்நூத்தி ஆறு. ரெண்டுக்கு ஒண்ணு. பாஸ்!"

சீல் அக்கா முத்திரை குத்திய சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. தலைவர் வேண்டாவெறுப்பாக பிளாக் பெல்ட்டை எடுத்து நீட்டினார். என் மனைவி அதை இடுப்பில் கட்டி முடிச்சை இறுக்கினாள். இறுக்கும்போதே கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. நானும் அழுதேன், அதில் என்ன வெட்கம்?

அவள் நேராக மூன்றாவது நாற்காலிக்கு நடந்தாள். இடுப்பை வளைத்து முழு வணக்கம் வைத்தாள். பிறகு தேர்வாளரை எடுத்து, ரிப்பனை அவிழ்த்து, மேசை விளிம்பில் தட்டி, ஓட்டை உரிக்க ஆரம்பித்தாள்.

"ஏம்மா! ஏம்மா! அவரு தேர்வாளரு!" என்று தலைவர் அலறினார். "யோவ், செயலாளர், பார்த்துட்டு நிக்கிறியே, விதியைப் பாருய்யா!"

செயலாளர் பரபரவென்று புரட்டினார். இரண்டு தடவை விரலை எச்சில் தொட்டார். "தலைவரே, ரெண்டு பேரும் இப்போ ஒரே பெல்ட்டு. சமமானவங்க ஒருத்தரை ஒருத்தர் சாப்பிடக் கூடாதுன்னு எங்கயும் இல்லையே."

அதற்குள் பாதி உள்ளே போய்விட்டது. ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்தவள், கண்ணை மூடிக்கொண்டு, அவசரப்படாமல் மென்றாள். நான் அவ்வளவு நாள் சமைத்துப் போட்டதில் எதையும் அவள் அப்படிச் சாப்பிட்டதில்லை. கடைசி விள்ளலையும் முடித்துவிட்டு, தேர்வாளருக்காக வைத்திருந்த தண்ணீரையும் எடுத்துக் குடித்தாள்.

செயலாளர் காலியான நாற்காலியையும் கையிலிருந்த தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு என்னைத் தனியாக ஓரமாகக் கூப்பிட்டார். குரலில் புது மரியாதை.

"மாஸ்டர், மத்தியானம் இன்னும் ரெண்டு பேருக்குத் தேர்வு இருக்கு. நாற்காலி காலியா இருக்கக் கூடாது பாருங்க. வீட்டுல வேற யாராவது இருக்காங்களா?"

"அஞ்சு பேர் இருக்காங்க சார்."

அவர் பேனாவைத் திறந்து பதிவேட்டைப் பிரித்துக்கொண்டார்.

"அதுல சீனியர் யாரு?"